நெய்யாற்றின்கரையில் தற்செயலாக

சிலரைத் தற்செயலாகச் சந்திப்பதற்காக நாங்கள் மூன்று பேரும் அன்று காலையிலேயே குளித்து உடுத்துத் தயாராகிவிட்டோம். அப்பா காரைத் துடைத்தார். அம்மா என் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முகத்துக்குப் போடுகிற பவுண்டேஷனை விரல் விரலாகப் பூசினாள். ஒரு பூச்சு காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அதற்கு மேல் பவுடர். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த ஆட்கள்கூட இவ்வளவு பொறுமையாகச் சுவரைப் பார்த்ததில்லை.

எனக்கு வெண்புள்ளி உண்டு. வலது புறங்கையில் விரல்களில் தொடங்கி மணிக்கட்டு வரை தோல் வெளுத்திருக்கும். தொற்றாது, வலிக்காது. வெயில் பட்டால் எரியும், அவ்வளவுதான். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் இருக்கும் என் ஆபீஸில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசக்கூட மறந்துவிட்டார்கள். கல்யாணம் என்று வரும்போது மட்டும் அந்தக் கை என்னைவிடப் பெரிதாகிவிடும். முப்பது தாண்டிய எனக்கு வந்த வரன்கள் எல்லாம் கையைப் பற்றித் தெரிந்த மறுநாளே ஏதாவது ஒரு காரணத்தோடு காணாமல் போயிருந்தன. ஆகவே இந்த முறை கையை ஒளித்துவிடுவது என்று அம்மா முடிவெடுத்திருந்தாள்.

"மொதல்ல மொகத்தைப் பாக்கட்டு மக்கா. பிடிச்சுப் போச்சுன்னா பொறவு கையைப் பாக்கட்டு" என்றாள்.

"பொறவுன்னா எப்பம்மா? தாலி கட்டும்போதா?"

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இரி. காய விடு."

நேராகச் சொல்லிவிடலாம் என்று நான் ஒரு வாரமாக மன்றாடியிருந்தேன். அம்மா அழுதாள். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம்: இந்த ஒரு தடவை மட்டும் அவள் சொல்கிறபடி கேட்பேன். இதற்குப் பிறகு யாருக்காகவும் என் கையில் சாயம் பூசக் கூடாது. கையைப் பார்த்துவிட்டு வருகிறவன் வரட்டும், இல்லாவிட்டால் ஒருவனும் வேண்டாம். அம்மா சரி என்றாள். அவள் சரி என்ற விதத்தைப் பார்த்தால், இந்த வரன் முடிந்துவிடும் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

இந்தத் தற்செயல் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் அம்மாவும் இன்னும் ஒரு பெண்ணும் ஏதாவது ஒரு கோவிலுக்கு வருவார்கள். பெண்வீட்டாரும் அதே நேரத்துக்கு அங்கே போவார்கள். யாரும் யாரையும் பார்க்க வரவில்லை. எல்லோரும் சாமி கும்பிடத்தான் வந்திருக்கிறார்கள். தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் ஏதோ பேச்சு வரும். பிடித்திருந்தால் பிறகு சொல்லி அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால், நாம் பார்க்கவே இல்லையே, எதை வேண்டாம் என்று சொல்வது? இரண்டு வீட்டுக்கும் மானம் மிச்சம். இவ்வளவு யோசித்து இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள், அந்தப் பெண் முட்டாள் இல்லை என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை வீடு வள்ளியூர்ப் பக்கம். நாங்கள் திருவனந்தபுரம். நடுவில் நெய்யாற்றின்கரை. ஆறு இருக்கிறது, பேர்பெற்ற கிருஷ்ணன் கோவில் இருக்கிறது, அம்மச்சிப் பிலாவு என்று சரித்திரத்தில் இடம்பிடித்த பலாமரம் இருக்கிறது. ஊர் பார்க்க வந்தோம் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் தரகரின் ஏற்பாடு. அவரை அம்மா அண்ணாச்சி என்று கூப்பிடுவாள். போர்த்திட்டம் வகுத்தவர் மாதிரி அவர் போனில் கட்டளை போட்டார்.

"அந்த அம்மா மெரூன் பட்டு உடுத்திருப்பா. கூட அவளுக்க தங்கச்சி. அம்மச்சிப் பிலாவுக்குப் பக்கத்துல நிப்பாவ. நீங்களா ஒண்ணும் கேக்கப்பிடாது. எந்த ஊரு, எந்தத் தெருவுன்னு விசாரிக்கப்பிடாது. எனக்கும் போன் போடாதிங்கோ. போன் போட்டா அது பொண்ணு பாத்த கணக்காயிரும், கேட்டேளா?"

பழவங்காடியில் காரை நிறுத்தி அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். ஒரே வீச்சில் சிதறியது. அம்மா என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள், கல்யாணமே முடிந்துவிட்ட சிரிப்பு. அங்கே காலை முதல் அந்தி வரை உடைகிற தேங்காய்க்கெல்லாம் கல்யாணம் நடப்பதாக இருந்தால் ஊரில் மண்டபம் போதாது. கை எதிலும் உரசிவிடாமல் இருக்க, அதை ஒரு கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நெய்யாற்றின்கரை வரலாற்று நகரம். அப்படித்தான் போர்டு சொல்கிறது. எனக்குத் தெரிந்தது, நாகர்கோவில் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஹாரன் அடிக்கும் ஒரு ரோடு, அதன் இருபுறமும் நகைக்கடை விளம்பரங்கள், எல்லா விளம்பரத்திலும் கல்யாணக் கோலத்தில் ஒரு பெண். எல்லாப் பெண்களும் மருதாணிக் கையை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். காட்டுங்கடி, காட்டுங்க, உங்களுக்கென்ன.

கோவிலில் அப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். நாலு பேருக்கு நடுவே சட்டையில்லாமல் நிற்பது அவருக்கு எப்போதும் கூச்சம். வயிற்றை எக்கிக்கொண்டே நடந்தார். அம்மா என்னை நேராகப் பலாமரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

அம்மச்சிப் பிலாவு என்பது பட்டுப்போன ஒரு பழைய அடிமரம். உள்ளே பொந்து. அந்தக் காலத்தில் ஓர் இளவரசரை எதிரிகள் துரத்திக்கொண்டு வந்தார்களாம். ஒரு சின்னப் பையன் தோன்றி, இந்தப் பொந்துக்குள் ஒளிந்துகொள்ளுங்கள் என்றானாம். இளவரசர் பிழைத்தார். பையன் கிருஷ்ணன்தான் என்று தெரிந்து, ராஜாவானதும் கோவில் கட்டினார். அப்பா இந்தக் கதையைச் சத்தமாகச் சொன்னார். ஊர் பார்க்க வந்த ஆள் மாதிரி நடிக்கும்படி அவருக்கு உத்தரவு. எனக்கும் அம்மாவுக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்த கதையை எங்களிடமே அவர் புதிதாகச் சொல்ல, நாங்கள் ஆச்சரியப்பட வேண்டியிருந்தது. ஒருநாள் ஒளிந்திருந்த மனிதருக்காக இத்தனை நூற்றாண்டாக ஒரு மரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். என் கை பல வருஷமாக ஒளிந்திருக்கிறது, அதற்கு ஒரு அகல்விளக்குகூட இல்லை.

அப்போதுதான் அம்மா என் இடுப்பில் இடித்தாள். மரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு மெரூன் பட்டு.

அம்மா பார்க்காத மாதிரி பார்த்தாள். அந்த அம்மாளோ நேராகவே பார்த்தார். பருத்த உடம்பு, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, வியர்வையைத் துடைக்கத் தோளில் ஒரு சின்னத் துண்டு. "நீங்க தமிழா? அப்பாடா! காலையில இருந்து இவ மலையாளத்துல பேசுதேன்னு என் மானத்தை வாங்குதா" என்று தங்கையைக் காட்டினார். தங்கை சிரித்தாள்.

"எந்தப் பக்கம்?" என்று வந்த கேள்வியை அம்மா தொண்டையிலேயே விழுங்கினாள். அண்ணாச்சியின் கட்டளை. அந்த அம்மாளே சொன்னார்: "நாங்க திருநவேலி பக்கம். ஆத்தையும் மரத்தையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்." அம்மா என்னை அர்த்தத்தோடு பார்த்தாள். எவ்வளவு அழகாக மறைத்துப் பேசுகிறார், பார்த்தாயா என்று அதற்கு அர்த்தம். "நாங்களும் சும்மா ஆத்தைப் பாக்கத்தான் வந்தோம்" என்றாள் அம்மா, அதைவிட அழகாக.

எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு வளர்ந்த பெண்கள் ஒரு பட்ட மரத்தைச் சுற்றி நின்று கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். அந்த அம்மாள் தனக்கு ஒரே மகன் என்றார். பெங்களூரில் வேலை என்றார். எங்களுக்குச் சொல்லப்பட்டதும் அதேதான். அம்மாவின் முகம் பூரித்தது. என் படிப்பு, என் வேலை, எனக்குச் சமைக்கத் தெரிந்த புளிக்கறி எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே வரிசையாக எடுத்து வைத்தாள். அந்த அம்மாள் பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு சாமி கும்பிடப் போனோம். இந்தக் கோவிலில் கிருஷ்ணனின் கையில் வெண்ணெய் வைத்து நிவேதனம் செய்து, அதையே பிரசாதமாகக் கொடுப்பார்கள். அம்மா என் பேரிலும் நட்சத்திரத்திலும் அதற்கு எழுதிக் கொடுத்திருந்தாள். இலைத்துண்டில் வெண்ணெய் வந்தது. வலது கையில்தான் வாங்க வேண்டும். வாங்கினேன். கும்பலும் புழுக்கமும் விளக்குச் சூடுமாக, வெளியே வருவதற்குள் வெண்ணெய் உருகி இலையிலிருந்து வழிந்து, விரலிடுக்கில் இறங்கி, மணிக்கட்டு வரை ஓடியது.

முகத்தில் போட்ட மேக்கப்பைக் கலைக்க எண்ணெய்ப் பசையைப் போல ஒன்று கிடையாது. இது எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரியும். அம்மா நல்ல நேரம் பார்த்தாள், ராசி பார்த்தாள், சேலையின் நிறம் பார்த்தாள். கையில் சாயம் பூசிய பெண்ணை, ஊர் உலகத்தில் இத்தனை கோவில் இருக்க, வெண்ணெயைக் கையில் வாங்குகிற கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்கு முன்கூட்டியே எழுதியும் கொடுத்தாள். இந்தப் புத்தி எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் கிடைக்காது.

"சவமே, ஆத்துல கழுவாத. கார்ல பாட்டில் தண்ணி இருக்கு" என்று அம்மா என் காதில் சீறினாள். அதற்குள் அந்த அம்மாள் என் முழங்கையைப் பிடித்துவிட்டார். "வா தாயி, ஆத்துலயே கழுவிருவோம். அதுக்குத்தானே ஆறு."

கோவிலைத் தாண்டிப் போய்ப் படியிறங்கினோம். நெய்யாறு கலங்கிய தேநீர் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கரையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் சாமிப் படம். பக்தியோடு கொண்டுவந்து ஆற்றில் விட்டிருக்கிறார்கள், பையோடு. அக்கரையில் எதற்காக வந்தோம் என்று தெரியாத முகத்தோடு ஒரு குடும்பம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேல்படியில் இரண்டு பெண்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

அந்த அம்மாள் தானே குனிந்து கையால் தண்ணீரை மொண்டு என் கையில் ஊற்றினார். வெண்ணெயும் சாயமும் சேர்ந்து பழுப்பாகக் கரைந்து ஓடின. கை வெளுத்து வெளியே வந்தது. அம்மா படியில் ஒரு காலும் தண்ணீரில் ஒரு காலுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். "வெண்புள்ளியா? எங்க நாத்தனாருக்கும் உண்டும். இப்போ பரவுதா, நின்னுட்டா?"

"நின்னு நாலஞ்சு வருஷமாச்சு" என்றேன்.

"வெயில் பட்டா எரியுமே. குடை கொண்டு வரலியா? எதுக்குட்டி இந்தச் சாயத்தைப் பூசி வச்சிருக்க, அரிக்காதா?" என்றார். பிறகு தோளில் இருந்த துண்டால் என் கையைத் துடைத்து, அதே துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

உள்ளதைச் சொல்கிறேன். அதுவரை நான் அந்த மாப்பிள்ளையின் போட்டோவைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு ஆசை வந்துவிட்டது. இந்த அம்மாள் வீட்டுக்குப் போக வேண்டும், இவர் கையால் சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. என் கையைத் தொட்டுத் துடைத்த துண்டில் முகம் துடைத்த மனுஷி. அவர் மகன் எப்படி இருந்தால் என்ன? எல்லாவற்றையும் ஏளனம் செய்துகொண்டு வந்த நான் ஒரு கைத் தண்ணீரில் கவிழ்ந்தேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஏ, இந்தப் பிள்ளையோட ஒரு படம் எடு" என்று அவர் தங்கையிடம் சொன்னார். என் வலது கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டார். படத்தை அனுப்புவதற்காக என் நம்பரை வாங்கிக்கொண்டார். அம்மாவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நம்பர் வாங்கியாகிவிட்டதே!

திரும்பி ரோட்டுக்கு வந்து ஒரு கடையில் சாயா குடித்தோம். அம்மா அவருக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்து, சம்பந்திக்குச் செய்கிற மரியாதையோடு தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "மருமகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். முழுகாம இருக்கா. வாற மாசம் வளைகாப்பு. பக்கம்தானே, நீங்க எல்லாரும் வந்துருங்க."

அம்மாவின் கையில் தட்டு அப்படியே நின்றது. "மருமவளா?" என்றாள்.

"ஆமா. மகனுக்குக் கல்யாணம் முடிஞ்சு மூணு வருஷமாச்சு."

அப்பா சாயாவுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சகோதரிகள் உண்மையிலேயே ஆற்றையும் மரத்தையும் பார்க்க வந்தவர்கள். அந்த ஊருக்கு அன்று ஊர் பார்க்க மட்டும் வந்த ஆட்கள் இவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். நாங்கள் சரியாக அவர்களைத் தேடிப் பிடித்திருந்தோம். அவர்கள் கைகாட்டிவிட்டுப் பஸ் ஏறினார்கள். எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. பாதிப் பழம்பொரியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

கட்டளையை மீறி அம்மா தரகருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"அவிய வந்தாவளே! மெரூன் பட்டுக்கு பிளவுஸ் சேரல்லன்னு பச்சையை உடுத்திட்டு வந்திருக்கா. குடையும் பிடிச்சுக்கிட்டு ஆத்தங்கரை மேல்படியில நின்னாவளாம். உங்க மோளை நல்லா பாத்தாவளாம்."

"பாத்துட்டு?"

தரகர் தொண்டையைச் செருமினார். "ஜாதகம் சரியா பொருந்தல்லன்னு சொல்லுகாவ."

அந்த ஜாதகத்தை அவர்கள் பக்கத்து ஜோசியர் பார்த்து, இதைவிடப் பொருத்தமே கிடையாது என்று சொல்லி ஒரு மாதமாகியிருந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் கோவில் ஏற்பாடே. நட்சத்திரங்கள் ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, அன்று காலை நான் ஆற்றில் கை கழுவுகிற நேரம் பார்த்து இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. இத்தனை படித்து, கார் வைத்து, பெங்களூரில் பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொய்யைக்கூடப் புதிதாகச் சொல்ல வரவில்லை. தூ! மேல்படியில் நின்றவர்களுக்குக் கீழே இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. பரவுதா, எரியுமா என்று கேட்டது, எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத, யாரோ வீட்டு மாமியார்.

காரில் திரும்பும்போது அம்மா முன்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அடுத்த வரனுக்குத் தண்ணீரில் கரையாத சாயம் எங்கே கிடைக்கும் என்று யோசிக்கிறாள் என்று நினைத்தேன். பேச்சு பேச்சுதான், இனி பூச விடமாட்டேன், அழுதாலும் விடமாட்டேன் என்று மனதுக்குள் சண்டைக்கு ஆயத்தமானேன். பாலராமபுரம் தாண்டியதும் என் போன் சத்தம் போட்டது. படம் வந்திருந்தது.

படத்தில் அந்த அம்மாள் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். மெரூன் பட்டின்மேல் என் கை. ஆற்றுவெயிலில் அது அப்படியே பளிச்சென்று தெரிகிறது, விரல் விரலாக. நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

"இங்க கொண்டா" என்று அம்மா பின்னால் கையை நீட்டினாள். கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். விரலால் பெரிதாக்கி முதலில் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். கையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் படத்தைத் தன் போனுக்கு அனுப்பி, அங்கிருந்து இன்னொருவருக்கு அனுப்பினாள். பிறகு போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பேசினாள்.

"அண்ணாச்சி, இது எனக்க மோளுக்க படம். இனி எல்லாருக்கும் இதைத்தான் காட்டணும். கையை நல்லா பாத்துக்கிடச் சொல்லும். பாத்துட்டு வாறவிய பச்சை உடுத்தாலும் சரி, மெரூன் உடுத்தாலும் சரி, நேரா எங்க வீட்டு நடைக்கு வரட்டு. ஒளிஞ்சு நிண்ணு பாக்கியதுக்கு எனக்க மோளு ஒண்ணும் களவாண்டுட்டு வரல்ல. இனி கோவிலுக்கு நாங்க சாமி கும்பிட மட்டுந்தான் வருவோம்."

அப்பா முன்னால் யாரும் இல்லாதபோதே ஒரு ஹாரன் அடித்தார். நான் கண்ணாடியை இறக்கிவிட்டு, வலது கையை வெளியே நீட்டிக் காற்றில் பிடித்தேன். பக்கத்தில் வந்த பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் பார்த்தார்கள். அம்மா திரும்பி அவர்களையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"கையை உள்ள எடு மக்கா" என்றாள். "வெயில் பட்டா எரியும்."